ஆம்பலூர் மிஷினில் ஏறாத சாவி

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்கள் முதல் நாளே எங்கள் காப்பகத்துக்கு வந்து குரலைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். குரல் இல்லாத தொண்டையை அறுப்பதுதான் டாக்டர்களுக்கு வசதி. நாங்கள் குரலை வாங்கி மிஷினில் போட்டுப் பூட்டி வைப்போம். குரலைக் கொடுத்தவர் கடைசியாகப் பேசிய வாக்கியத்தை அரைத்துத்தான் சாவி செய்வது. வாக்கியம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் அரைத்தால் முப்பத்திரண்டு எழுத்துதான் தேறும். புண் ஆறியதும் அவர் வருவார். சாவியை மிஷினில் ஏற்றிக் குரலைத் திறந்து கொடுத்துவிடுவோம்.

நான் கோவைத் தலைமை அலுவலகத்தில் சாவி ஏற்றும் பிரிவில் இருக்கிறேன். என் பெயர் மரகதம்.

புரட்டாசி கடைசி வாரத்தில், ஒரு புதன்கிழமை, ஆம்பலூர்க் கிளையிலிருந்து கடிதம் வந்தது. குழல்வாய்மொழி என்று ஒரு பெண். ஆம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பத்தொன்பது வருடமாக மைக்கில் அறிவிப்புச் சொல்கிறவர். ஆனி மாதம் குரலைக் கொடுத்திருக்கிறார். புண் ஆறிப் பல வாரம் ஆகிறது. கிளையில் உள்ள சாவி மிஷினில் ஏற மறுக்கிறது. வெள்ளிக்கிழமையோடு நூற்றிருபது நாள் முடிகிறது, தயவுசெய்து ஏதாவது செய்யுங்கள் என்று கிளைப் பொறுப்பாளர் ஆவுடையப்பன் எழுதியிருந்தார்.

நூற்றிருபது நாளுக்குள் திறக்கப்படாத குரல்கள் லிஃப்ட்டுகளுக்குப் போய்விடும். ‘கதவு மூடுகிறது’, ‘மூன்றாவது தளம்’ என்று அவை பிறகு வேறு ஊர்களில் சொல்லிக்கொண்டிருக்கும். உரியவர்கள் அந்த லிஃப்ட்டில் ஏறிக் கேட்டுக்கொள்ளத் தடையில்லை.

என் மேலதிகாரி மருதாசலம் அந்த அம்மாவின் கடைசி வாக்கியத்தை எடுத்துப் புதிதாக ஒரு சாவி அரைத்தார். எங்கள் மிஷினில் வைத்துப் பார்த்தார். ஒரு நொடியில் ஏறிவிட்டது.

“இங்க ஏறுதுங்களே மரகதம்,” என்றார். “நம்ம மிஷின்ல ஏறுதுன்னு எழுதிப் புகாரை மூடிருங்க.”

அந்த வருடம் அப்படி எழுதிப் பதினான்கு புகார்களை மூடியிருந்தேன். பதினைந்தாவதையும் மூடப் பேனாவை எடுத்தேன். கடிதத்தின் அடியில், வேறு கையெழுத்தில், சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வரி இருந்தது. ‘தலைமை அலுவலகத்தின் கனிவான கவனத்திற்கு. நான் காத்திருக்கிறேன்.’ காகிதத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுவது சிரமம். நான் பேனாவை மூடினேன்.

“சார், அந்தம்மாவை இங்கயே வரச்சொல்லித் திறந்து கொடுத்துட்டா என்ன?”

“கொடுக்கலாமுங்க. ஆனா நாகர்கோவில் வக்கீல் கதை தெரியுமல்லோ?”

தெரியும். குரலை எந்த ஊரில் திறக்கிறோமோ அந்த ஊர்ப் பேச்சு அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த வக்கீல் இப்போது நாகர்கோவில் கோர்ட்டில் “ஏனுங் கனம் நீதிபதியவர்களே” என்று ஆரம்பிக்கிறார். கட்சிக்காரர்கள் குறைந்துவிட்டார்கள். ஆம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கு ஆம்பலூர்ப் பேச்சில் சொன்னால்தான் பஸ் புரியும்.

“அப்படின்னா நான் போயிட்டு வர்றேன் சார்,” என்றேன்.

“போங்க,” என்றார். “ஆனா நான் எழுதுன புரோகிராமுல தப்பு இருக்காதுங்க. இந்தச் சீட்டுல உக்காந்து எழுதுனது.”

வியாழக்கிழமை காலை சாவியை ஒரு பென் டிரைவில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

ஆம்பலூர்க் கிளை, ரயில்வே கேட்டுக்கு அருகில் ஒரு மாடியில் இருந்தது. ஒரே அறை. ஒரு மிஷின், ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு தினசரி நாட்காட்டி. நான் உள்ளே நுழைந்தபோது, முந்தின நாள் வெட்டிய என் நகங்கள் மறுபடி நீளமாக இருந்தன. அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆவுடையப்பன் எழுந்து வணக்கம் சொன்னார். குழல்வாய்மொழியும் அவர் கணவர் இசக்கியப்பனும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். குழல்வாய்மொழிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மடியில் ஒரு சிலேட்டு. இசக்கியப்பன் மாவு மில் வைத்திருக்கிறார். மில் சத்தத்தில் பேசிப் பழகியவர் என்பதால் அவர் சாதாரணமாகப் பேசினாலே ஜன்னல் அதிர்ந்தது.

“வாங்க மேடம். சாவி கொண்டாந்துட்டீங்களா?”

“கொண்டுவந்திருக்கேன்.”

“நாலு மாசமா எங்க வீட்டுல ஒரு சண்டை கெடையாது மேடம். அவ சிலேட்டுல எழுதுததுக்குள்ள எனக்கு கோவம் போயிருது, நான் பதில் சொல்லுததுக்குள்ள அவ அழிச்சிருதா. ராத்திரி தூக்கம் வர மாட்டேங்கு.”

குழல்வாய்மொழி சிலேட்டில் எழுதி என்னிடம் காட்டினார். ‘கணவரின் கனிவான கவனத்திற்கு. மேடத்துக்குத் தண்ணீர் தரவும்.’ பத்தொன்பது வருடப் பழக்கம், எழுத்திலும் வந்துவிட்டிருந்தது.

தண்ணீர் குடித்துவிட்டுச் சாவியை ஏற்றிப் பார்த்தேன். ‘சாவி கிடைக்கவில்லை’ என்றது மிஷின். பென் டிரைவை எடுத்துக் காட்டினேன். அதற்கும் கிடைக்கவில்லை என்றது.

புரோகிராமைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். நாற்பத்தோராவது வரியில் மருதாசலம் எழுதியிருந்தார்: ‘சாவியை, ஜன்னலுக்கு இடப்பக்கம் உள்ள அலமாரியில், இரண்டாவது தட்டிலிருந்து எடுக்கவும்.’ கோவையில் அவர் சீட்டில் உட்கார்ந்தால் கண்ணில் படுகிற அலமாரி அதுதான். ஆம்பலூரில் ஜன்னல் இருந்தது. அலமாரி இல்லை.

“அந்த வரியை மாத்திரலாமே?” என்றார் ஆவுடையப்பன்.

“மாத்தினா எல்லா ஊர் மிஷினும் இந்த ஊர் ஜன்னலைத்தான் தேடும்,” என்றேன். “அலமாரி கிடைச்சாப் போதும்.”

கீழே அரிசிக்கடையில் ஒரு அலமாரி இருந்தது. ஆனால் அது கடைக்காரர் பெயரில் இருப்பதால் மிஷின் அதைத் தொடாது. அலுவலக அலமாரி இல்லாத இடத்தில், குழல்வாய்மொழியின் சாவியை எடுக்க அவர் பெயரில் உள்ள அலமாரிதான் வேண்டும். இசக்கியப்பன் மனைவியைப் பார்த்தார். அவர் தலையசைத்தார்.

“கல்யாணத்துக்கு அவங்க வீட்டுல குடுத்த பீரோ இருக்கு மேடம். அவ பேரு போட்டிருக்கு. காலைல தூக்கிட்டு வாரேன்.”

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு மினி லாரியில் பீரோ வந்தது. பச்சை நிற இரும்பு பீரோ. நாலு பேர் மாடிக்குத் தூக்கி ஜன்னலுக்கு இடப்பக்கம் வைத்தார்கள். இரண்டாவது தட்டில் பட்டுப்புடவைகளை ஒதுக்கி, பென் டிரைவை வைத்தேன். பிறகு மிஷினில் ஒரு தடவை தட்டினேன்.

‘சாவி கிடைத்தது. ஆனால் இந்தச் சாவி இன்னும் பிறக்கவில்லை.’

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எங்கள் தொழிலில் அதே பிழை திரும்ப வந்தால்தான் கவலைப்பட வேண்டும். வேறு பிழை வந்தால் ஒரு படி ஏறியிருக்கிறோம் என்று அர்த்தம். இதை அவர்களிடம் சொன்னேன். இசக்கியப்பன் எல்லோருக்கும் வடை வாங்கி வந்தார்.

நாட்காட்டியைப் பார்த்தேன். திங்கட்கிழமை காட்டியது.

“தாளைக் கிழிக்கவே இல்லையா சார்?”

“மிஷின்ல பாட்டரி செத்துப்போச்சு மேடம்,” என்றார் ஆவுடையப்பன். “அதுக்குத் தேதி தெரியாது. நாட்காட்டியப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிடும். எனக்கு கையில அடி. நாலு நாளா கிழிக்க முடியல. அதான் உள்ள திங்கக்கெழமையாவே இருக்கு.”

சாவி அரைக்கப்பட்டது புதன்கிழமை. திங்கட்கிழமையில் இருக்கிற மிஷினுக்கு அது பிறக்காத பிள்ளைதான். இசக்கியப்பன் எழுந்துபோய் நாட்காட்டியில் கை வைத்தார். எல்லாத் தாளையும் ஒரே இழுப்பாக இழுக்கப் போனவரை நான் தடுத்தேன்.

“ரெண்டு தாள் போதும். புதன்கிழமைக்கு வந்தாப் போதும்.”

அவர் இரண்டு தாளைக் கிழித்தார். இசக்கியப்பனுக்கு லேசாகத் தாடி வளர்ந்தது. மேசையில் மிச்சமிருந்த வடை ஊசிப்போனது. இரண்டு நாள் சாப்பிடாத பசி எல்லோருக்கும் எடுத்தது. ஆவுடையப்பன் கைக்கட்டை அவிழ்த்துப் பார்த்து, வலி பரவாயில்லை என்றார்.

மறுபடி தட்டினேன். மிஷின் நீண்ட நேரம் யோசித்தது.

‘சாவி பிறந்துவிட்டது. வர வேண்டியவர்கள் முப்பத்திரண்டு. வந்திருப்பவர்கள் முப்பத்து மூன்று. அனுமதிக்க முடியாது.’

சாவியைத் திரையில் போட்டு எழுத்துகளை எண்ணினேன். முப்பத்திரண்டு. ஆவுடையப்பன் எண்ணினார். முப்பத்திரண்டு. இசக்கியப்பன் சத்தமாக எண்ணினார். ரயில்வே கேட்டில் நின்றவர்களுக்கும் முப்பத்திரண்டு என்று தெரிந்தது.

மருதாசலத்துக்குப் போன் செய்தேன்.

“சார், அங்க எத்தனை வருது?”

“முப்பத்திரண்டுங்க.”

“இங்க முப்பத்து மூணுங்குது. ஆனா பார்த்தா முப்பத்திரண்டுதான் தெரியுது.”

“கண்ணுக்குத் தெரியாதவங்க யாராச்சும் கூட வந்திருப்பாங்க,” என்றார். “நம்ம மிஷின் பெரிய ஊரு மிஷினுங்க. கண்ணுக்குத் தெரியாதவங்கள அது கண்டுக்காது. அந்த ஊரு மிஷின் வாசல்ல வர்ற அத்தனை பேரையும் எண்ணும் போல இருக்குதுங்க.”

“என்ன செய்யட்டும்?”

“அது யாரு, எங்க நிக்கறாங்கன்னு பாருங்க. முன்னாலயா, கடைசியிலயா, நடுவுலயா? தெரியாம கை வெச்சு வேற எழுத்து போயிருச்சுன்னா குரலே போயிருமுங்க.”

அப்போது வாசலில் ஒருவர் வந்து நின்றார். லிஃப்ட் கம்பெனிச் சட்டை போட்டிருந்தார். கையில் ஒரு காலி டப்பா. குரலை வாங்கிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

“இன்னைக்குத்தானே கடைசி நாள்?” என்றார்.

ஆவுடையப்பன் நாட்காட்டியைக் காட்டினார். வந்தவர் எட்டிப் பார்த்தார். புதன்கிழமை.

“அப்படியா. வெள்ளிக்கிழமை வாரேன்,” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அவர் கீழே வெள்ளிக்கிழமைக்குள் போனதும் நினைவு வந்து திரும்பி வருவார் என்று எனக்குத் தெரியும். மேலே ஏறினால் மறுபடி புதன்கிழமை என்று இறங்கிப் போவார். அப்படி எத்தனை தடவை போவார் என்று சொல்ல முடியாது. குழல்வாய்மொழியின் கையில் சுண்ணாம்புக் கட்டி உடைந்து மடியில் விழுந்தது. அவர் அதை எடுத்து எழுதினார்.

‘சாவியைச் சத்தமாகப் படியுங்கள்.’

நான் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். கண்ணை மூடிக் கேட்டார். மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன். ஆவுடையப்பனைப் படிக்கச் சொன்னார். அவரும் படித்தார். பிறகு எழுதினார்.

‘முதல் எழுத்துக்கு முன்னால் இரண்டு பேருமே மூச்சு இழுக்கிறீர்கள். ஏதோ சொல்ல வந்து நிறுத்துவதுபோல. அது அங்கே நிற்கிறது.’

மைக்கில் பத்தொன்பது வருடம் பேசியவருக்கு, பேச்சுக்கு முன்னால் இருப்பதும் கேட்கும்.

“குரல் கொடுத்த அன்னைக்குக் கடைசியா என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

‘சரி, பூட்டுங்க.’

“அதுக்கு முன்னால?”

அவர் சிலேட்டை மடியில் கவிழ்த்து வைத்தார். இசக்கியப்பன் சொன்னார்.

“என்னையப் பாத்தா மேடம். வாயத் தெறந்தா. அப்புறம் ஒண்ணும் சொல்லல. ‘சரி, பூட்டுங்க’ன்னுட்டா. என்ன சொல்ல வந்தேன்னு நானும் கேக்கல. ஆபரேஷன் முடியட்டும்னு இருந்துட்டேன்.”

விஷயம் தெளிவாகிவிட்டது. சொல்லாமல் விட்ட ஒன்று, சொன்ன வாக்கியத்தோடு சேர்ந்து அரைபட்டிருக்கிறது. எழுத்தாக ஆகவில்லை, ஆனால் போகவும் இல்லை. முப்பத்திரண்டு பேருக்கும் முன்னால் போய் நின்றுவிட்டது.

“இடம் தெரிஞ்சுபோச்சு. அழிச்சிரலாம்,” என்றார் ஆவுடையப்பன்.

குழல்வாய்மொழி சிலேட்டை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தார். ‘அழிக்க வேண்டாம்.’

எனக்கும் அழிக்க மனம் வரவில்லை. ஆனால் அது முன்னால் நிற்கும்வரை மிஷின் கதவைத் திறக்காது. வாசலில் படிக்கட்டுச் சத்தம் கேட்டது. லிஃப்ட் கம்பெனிக்காரர் வந்து, புதன்கிழமையைப் பார்த்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு போனார்.

“சும்மா இறங்கச் சொல்லிப் பாக்கலாமே?” என்றேன். “அழிக்காம, கொஞ்ச நேரம் மட்டும் இறங்கி நிக்கச் சொன்னா?”

“யாரு சொன்னா கேக்கும்?” என்றார் ஆவுடையப்பன்.

இசக்கியப்பன் எழுந்தார். சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு பீரோ முன்னால் போய் நின்றார். அந்த நான்கு மாதத்தில் அவர் மெதுவாகப் பேசியது அன்றுதான் என்று பிறகு சொன்னார்கள்.

“இந்தா,” என்றார். “எனக்குச் சொல்ல வந்தவதானே நீ. அன்னைக்கு நான் கேட்டிருக்கணும். கேக்கல, தப்புதான். இப்பக் கொஞ்சம் எறங்கி அந்த நாக்காலில இரு. அவ பேச ஆரம்பிச்சதும் முதல்ல ஒன்னத்தான் கூப்பிடுவா. நான் இங்கனயே நிக்கேன். எங்கயும் போகல.”

மூன்றாவது நாற்காலி லேசாகக் கிறீச்சிட்டது. அதன் மேல் வைத்திருந்த ஃபைலை ஆவுடையப்பன் அவசரமாக எடுத்துக்கொண்டார்.

நான் தட்டினேன்.

‘வர வேண்டியவர்கள் முப்பத்திரண்டு. வந்திருப்பவர்கள் முப்பத்திரண்டு. சாவி ஏறியது.’

குரல் என்பது அளவில் பெரிய விஷயமில்லை. ஒரு மிடறு வெந்நீர் அளவுதான் இருக்கும். அதை டம்ளரில் பிடித்துக் கொடுத்தேன். குழல்வாய்மொழி அண்ணாந்து குடித்தார். கழுத்தில் கை வைத்துக்கொண்டார். தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலைக் கேட்டதுமே இசக்கியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

குழல்வாய்மொழி நாற்காலியைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

“வீட்டுல கேஸ அடைச்சீங்களா?” என்றார்.

இசக்கியப்பன் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

“அடைச்சேன். அன்னைக்கே அடைச்சிட்டேன்.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நல்லாப் பாத்தேன். இதையா சொல்ல வந்த? இதுக்கா அப்படிப் பாத்த?”

“ஆபரேஷனுக்குப் போகையில வீட்டுல கேஸப் பத்திப் பேசுனா நல்லாருக்காதேன்னு விட்டுட்டேன். நீங்க என்ன நெனச்சீங்க?”

“நான் என்னென்னமோ நெனச்சேன். நாலு மாசமா ஒக்காந்து நெனச்சேன்.”

“என்ன நெனச்சீங்க? சொல்லுங்க.”

“அதச் சொல்லி முடிக்க இன்னும் நாலு மாசம் ஆகும்.”

“ஆகட்டும். நான் எங்க போகப்போறேன்?”

இசக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குழல்வாய்மொழி சிரித்தார். உடனே, பீரோவை யார் திரும்ப வீட்டுக்குத் தூக்குவது என்பதில் அவர்களுக்குள் சண்டை வந்தது. நல்ல சண்டை. ஜன்னல் கதவு இரண்டும் அதிர்ந்தன. நாற்காலி காலியாகியிருந்தது. ஆவுடையப்பன் ஃபைலை மறுபடி அதன் மேல் வைத்தார்.

நாட்காட்டியில் மிச்சமிருந்த இரண்டு தாளையும் அவரே கிழித்துக்கொள்வதாகச் சொன்னார். நாங்கள் படி இறங்கி வெள்ளிக்கிழமைக்குள் வந்தோம். எதிரே லிஃப்ட் கம்பெனிக்காரர் ஏறி வந்தார். குழல்வாய்மொழி அவரிடம், “பாத்து ஏறுங்க, மூணாவது படி ஒடைஞ்சிருக்கு,” என்றார். அவர் அந்தக் குரலைக் கேட்டதும் டப்பாவைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு எங்களோடேயே இறங்கி வந்தார். டீ குடித்தோம். வேறு ஊரில் ஒரு குரல் இருப்பதாகவும் அதற்கு நேரமாகிறது என்றும் சொல்லிக் கிளம்பினார். அந்த ஊர்ப் பெயரைக் கேட்டு நான் என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அங்கேயும் ஒரு ஜன்னல் இருக்கும், அலமாரி இருக்காது. திங்கட்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.

குழல்வாய்மொழி வீட்டுக்குப் போகாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். எனக்கும் அங்கிருந்துதான் பஸ். அறிவிப்பு அறையின் பூட்டைத் திறந்து, நாற்காலியின் தூசியை முந்தானையால் தட்டி, உட்கார்ந்து, மைக்கை இரண்டு விரலால் தட்டிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு,” என்றார் அவர். எலுமிச்சை விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டாள். “சங்கரன்கோவில் வழியாக, ராஜபாளையம், மதுரை, திண்டுக்கல், கோயம்புத்தூர் செல்லும் பேருந்து...”

அவர் சொல்லி முடிப்பதற்குள், இந்த நான்கு மாதமாக அறிவிக்கப்படாமல் ஊருக்கு வெளியே நின்றுகொண்டிருந்த பஸ்கள் வரிசையாக உள்ளே வரத் தொடங்கின. முதலில் ஆனி மாதத்து பஸ்கள். அவற்றிலிருந்து இறங்கியவர்கள் மாம்பழப் பைகளோடு இருந்தார்கள். ஒரு பெண், பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா என்று விசாரித்தாள். பிறகு ஆடி மாதத்து பஸ்கள். கூரையெல்லாம் சாரல் சொட்டிக்கொண்டிருந்தது. வெயிலில் காய்ந்துகிடந்த பஸ் ஸ்டாண்டுத் தரையில் டயர்கள் ஈரத் தடம் பதித்தன. குடும்பத்தார் வந்து அவரவர் ஆட்களை அழைத்துக்கொண்டு போனார்கள்.

கோயம்புத்தூர் பஸ் ஒன்று என் முன்னால் வந்து நின்றது. கண்டக்டர் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கினார்.

“எப்பப் போய்ச் சேரும்?” என்று கேட்டேன்.

“ஆடி எட்டாம் தேதி சாயங்காலத்துக்குள்ள போயிரும் மேடம்,” என்றார். “ஜன்னல் சீட்டு இருக்கு.”

அந்த வாரத்தில் எனக்கு வேலை அதிகம் இருந்ததாக நினைவில்லை. ஏறி உட்கார்ந்து, சாரல் உள்ளே அடிக்காமல் கண்ணாடியை மூடிக்கொண்டேன்.